சிற்றணையும் வீழுயரமும்: லக்ஷபான நீர்மின் திட்டம் பற்றிய ஓர் ஆய்வு

ஆறொன்றும் பாயாது, சுண்ணாம்புக்கற் பாறையின்மேல் சமதளமாய்க் கிடக்கும் வேலணைத்தீவில், சரவணை முதலிய ஊர்களிலுள்ளார் அணை என்னுமிடத்து, உவர்நீர் வயலுட் புகாமற் காக்கும் வரம்பையோ, மாரிமழையை நிறுத்திவைக்கும் குளக்கட்டையோ கருதுவர். நீரின் பயனை வேளாண்மை கொண்டே அளந்து பழகிய நாம், மலைநாட்டு அணைகளையும் அவை தேக்கும் ஜலத்தின் அளவு கொண்டே மதிப்பிடுகின்றோம். மின்சக்தி குறித்தவரை இம்மதிப்பீடு பொருந்தாது என்பதற்கு, நோர்ட்டன் பிரிட்ஜில் கெகல்கமு ஓயாவை மறித்து நிற்கும் சிற்றணையே போதிய பிரமாணமாகும்.

அவ்வணையின் பின்னுள்ள நீர் ஏறத்தாழ 4 இலட்சம் கன மீற்றரே. ஆயினும், சுரங்கவழியாகவும் அழுத்தக் குழாய்கள் வழியாகவும் லக்ஷபான மின்னிலையத்தை அடையுமுன் அந்நீர் ஏறக்குறைய 450 மீற்றர் தாழ இறங்குகின்றது. வினாடிக்கு ஒரு கன மீற்றர் நீர் அவ்வுயரத்திலிருந்து வீழுமாயின், இழப்புகளை நீக்காத கணக்கில், 4,400 கிலோவாற்று சக்தி பிறக்கும். அதே நீர் தொண்டைமானாற்றுத் தடுப்பணையில் ஒரு மீற்றர் வீழ்வதாகக் கொண்டால் 10 கிலோவாற்றுத்தானும் தேறாது. அணை இங்கே களஞ்சியமன்று. ஆற்றை அதன் இயற்கைப் படுகையினின்றும் விலக்கிக் குழாயினுட் செலுத்தும் வாயில்.

இவ்வுண்மையை எஞ்சினியர் டி. ஜே. விமலசுரேந்திர நன்குணர்ந்திருந்தார். நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே பிளாக்பூலில் அமைத்த சிறு மின்னிலையத்தின் அனுபவத்தோடு, 1918இல் இலங்கை எஞ்சினியர் சங்கத்தின் முன் வாசித்த கட்டுரையில், இத்தேசத்தின் கைத்தொழில் விருத்திக்கு மலையருவிகளே ஆதாரம் என அவர் நிறுவினார். 1924இல் தொடங்கிய லக்ஷபான வேலை மூன்றாண்டில் நின்றுபோயிற்று. 1931இல் அவர் அரசாங்க சபைக்குத் தெரிவாகி அங்கும் வாதாடினார்; மின்சாரமோ 1950இலேதான் பிறந்தது. ஆறும் மலையும் அவ்விடைக்காலத்தில் மாறவில்லை. எனவே, தாமதத்தின் காரணத்தை இயற்கையிலே தேடுதல் வீண். குடியேற்ற ஆட்சியின் மனமின்மையே காரணம் என்பது என் துணிபு.

சிற்றணைக்குரிய குறையையும் மறைத்தலாகாது. கோடையில் ஆறு மெலிந்தால் யந்திரமும் மெலியும். அக்குறையை நீக்கவே, நோர்ட்டனைப்போல் நூறு மடங்கிற்கும் மேற்பட்ட கொள்ளளவுடைய காசல்ரீ நீர்த்தேக்கம் மேற்புறத்தில் எழுந்தது. அதன் நீரால் இயங்கும் 50 மெகாவாற்று நிலையம் விமலசுரேந்திரவின் பெயரையே தாங்குகின்றது. ஆனால் பெருந்தேக்கத்தின் விலையும் பெரிது. அயலிலே மவுஸாகலை நீர்த்தேக்கம் நிரம்பியபோது பழைய மஸ்கெலியா நகரே நீருள் மறைந்தது. வறட்சி மிகுந்த ஆண்டுகளில் அங்கிருந்த கோவிலின் சிதைவுகள் இன்றும் வெளிப்படுகின்றன. தோட்டத் தமிழ் மக்களின் வாழ்வோடு கலந்த அவ்வூரின் இழப்பு, மின்னுற்பத்திக் கணக்குகளில் இடம்பெறாதது பெருங்குறை.

வீழுயரம் அறவே இல்லாத தீவகத்துக்கு இவ்வாராய்ச்சியால் விளையும் பயன் யாது? ஓரிடத்திற்கு இயற்கை அளித்திருப்பது எதுவோ அதனையே சக்தியின் மூலமாகக் கொள்ளவேண்டும் என்பது விமலசுரேந்திரவின் வாதத்தினுள்ளே அடங்கிய நியாயம். எமக்கு அளிக்கப்பட்டவை சோளகக் காற்றும் வாடைக் காற்றும் வெயிலும். அவையும் கோடை ஆற்றைப்போல் நிலையற்றனவாதலின், காசல்ரீ செய்யும் தொழிலை இங்கே மின்கலங்கள் செய்தல் வேண்டும். டீசல் யந்திரங்களையே நம்பியிருந்த நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிற்கும் காற்று, சூரியசக்தி, மின்கலம் மூன்றையும் இணைத்த திட்டமொன்றுக்கு 2022 மார்ச்சில் இலங்கையும் இந்தியாவும் உடன்பட்டன. முன்னர் ஒரு சீன நிறுவனத்திற்கு வழங்கப்பட்டுப் பின் இடைநின்ற முயற்சி அது. தீவுமக்களின் தேவை இராச்சியங்களின் போட்டியினால் இன்னொரு முறை பிற்படுதல் ஆகாது. இத்திட்டத்திற்குப் பொறுப்பான அதிகாரிகள் அவ்வேலையைத் தடையின்றி நிறைவேற்றி நிலைபெறச் செய்வார்களாக.