ஒப்பாரிக்கு என்ன எண்? நூலகப் பகுப்பு முறையும் அறிவின் அதிகாரமும்

1

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு மாவட்ட நூலகத்தில் ஒப்பாரிப் பாடல் தொகுப்புகளைத் தேடிக்கொண்டிருந்தேன். தமிழ் இலக்கிய வரிசை முழுதும் துழாவியாயிற்று. புறநானூறு இருந்தது. பாரி செத்ததற்குக் கபிலர் அழுத அழுகை பதவுரையோடும் விளக்கவுரையோடும் இருந்தது. புருசன் செத்ததற்கு என் அப்பத்தா அழுத மாதிரியான அழுகை மட்டும் இல்லை. மேசையில் இருந்த நூலகர் நல்ல மனிதர். "அது இலக்கியத்துல வராது தம்பி. பழக்கவழக்கம், சடங்குன்னு கடைசியா ஒரு அலமாரி இருக்கு பாருங்க, அங்க போங்க" என்றார்.

போனேன். இருந்தது. பகுப்பெண் 398.

அவர் சொன்னதில் தப்பில்லை, விதிப்படி அதுதான் சரி. டூயி தசமப் பகுப்பு முறையில் 300 என்பது சமூக அறிவியல். அதற்குள் 390 பழக்கவழக்கம், 391 உடை, 393 சாவுச் சடங்கு, 395 நயத்தக்க நடத்தை, 398 நாட்டார் வழக்காறு. தமிழ் இலக்கியமோ 894.811. கபிலருக்கும் அப்பத்தாவுக்கும் இடையில் இயற்பியல், மருத்துவம், ஓவியம், விளையாட்டு எல்லாம் நிற்கின்றன. இரண்டு பேரும் சாவுக்குத்தான் பாடினார்கள். ஒருவர் பாடியது கவிதை. இன்னொருவர் பாடியது தகவல்.

இதை வெறும் இட ஒதுக்கீட்டுச் சிக்கலாகப் பார்க்க முடியாது. 894-ல் நிற்கும் பிரதியிடம் நாம் யாப்பு, உவமை, உள்ளுறை, கவிஆளுமை என்று கேட்கிறோம். 398-ல் நிற்கும் பிரதியிடம் 'இந்தச் சாதியில் இந்தச் சடங்கின் பயன்பாடு என்ன' என்று கேட்கிறோம். கேள்வியை ஆய்வாளன் தேர்ந்தெடுப்பதாக நினைத்துக்கொள்கிறான். உண்மையில் அவன் உள்ளே நுழைவதற்கு முன்பே புத்தக முதுகில் ஒட்டிய சின்னத் தாள் அதைத் தேர்ந்தெடுத்துவிட்டது.

பகுப்பு முறை பற்றிப் பேசினால் நம் நண்பர்கள் உடனே பூக்கோவுக்குப் போய்விடுகிறார்கள். போர்ஹேயின் சீனக் கலைக்களஞ்சியத்தைப் படித்துச் சிரித்த சிரிப்பிலிருந்துதான் 1966-இல் வந்த தன் நூல் பிறந்தது என்று பூக்கோ எழுதினார். சரி, நாமும் சிரித்தோம். ஆனால் அந்தக் களஞ்சியம் கற்பனை. நம்மூர் நூலக அலமாரி கற்பனை இல்லை. அதைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை என்பதுதான் எனக்குப் பிரச்சினை.

2

மெல்வில் டூயி தன் பகுப்பு முறையை 1876-இல் ஆசிரியர் பெயர் போடாத சிறு நூலாக வெளியிட்டபோது அவருக்கு 24 வயது. அமெரிக்காவில் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி நூலகத்துக்காகச் செய்தது. உலக அறிவு முழுவதையும் பத்தாகப் பிரி, ஒவ்வொன்றையும் மறுபடி பத்தாகப் பிரி. எளிமையானது, அதனால்தான் வென்றது. ஆனால் பத்து அறைகளில் எது யாருக்கு?

மொழிக்கு 400. ஆங்கிலம் 420, ஜெர்மன் 430, பிரெஞ்சு 440, இத்தாலியம் 450, ஸ்பானியம் 460, லத்தீன் 470, கிரேக்கம் 480. மிச்சமுள்ள உலகத்துக்கெல்லாம் சேர்த்து 490. சமயத்திலும் இதே கதைதான்: 220-இல் விவிலியம், 230 முதல் 280 வரை கிறித்தவம், 'பிற சமயங்கள்' 290. பௌத்தம், சமணம், இந்து சமயம், யூதம், இஸ்லாம் எல்லாம் அந்த ஒற்றை அறைக்குள் நெருக்கியடித்து நிற்கவேண்டும். மையம் முழு எண்ணில் வாழ்கிறது, விளிம்பு புள்ளிக்கு அப்பால் வாழ்கிறது.

தமிழின் எண் 494.811. சமஸ்கிருதமும் இந்தியும் 491-இல். 494-இல் தமிழுக்கு யார் துணை? துருக்கியும் ஹங்கேரியனும் பின்னிஷும். என்னய்யா உறவு இது என்று கேட்டால், அதில் ஒரு பத்தொன்பதாம் நூற்றாண்டு உறைந்து கிடக்கிறது. தென்னிந்திய மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல என்று 1816-இல் சென்னையில் எல்லிஸ் நிறுவினார். 1854-இல் மாக்ஸ் முல்லர் 'துரானியம்' என்ற பெரிய மூட்டைக்குள் இம்மொழிகளையும் போட்டார். 1856-இல் கால்டுவெல் திராவிட மொழிக்குடும்பத்தை விரிவாக வரையறுத்தபோது, அதற்குச் சித்திய மொழிகளோடு உறவு தேடினார். அந்த உறவு நிறுவப்படவில்லை. திராவிடம் தனிக்குடும்பம் என்றே இன்று மொழியியல் கொள்கிறது. ஆனாலும் பழைய கருதுகோளின் சாயல் எண்ணில் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. கோட்பாடு செத்தாலும் அதன் முகவரி சாவதில்லை.

3

இதை எதிர்த்து யாரும் எதுவும் செய்யவில்லையா? செய்தார்கள். வாஷிங்டனில் கருப்பின மக்களுக்கான ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் 1930-இல் டாரத்தி போர்ட்டர் என்ற நூலகர் பொறுப்பேற்றார். கருப்பர்கள் பற்றிய நூல்களுக்குத் தனித் தொகுப்பு உருவாக்குவது அவர் வேலை. மற்ற நூலகங்கள் எப்படி வைத்திருக்கின்றன என்று விசாரித்தார். டூயி முறையில் அவர்களுக்குக் கிடைத்தவை இரண்டே எண்கள்: 325, 326. முன்னது குடியேற்றம், பின்னது அடிமைமுறை. கருப்பினக் கவிஞர் ஒருவர் கவிதை எழுதினாலும் அது கவிதை வரிசைக்குப் போகாது, 325-க்குப் போகும். அதாவது கருப்பர் அடிமையாக இருக்கலாம், இடம்பெயர்பவராக இருக்கலாம், கவிஞராக மட்டும் இருக்க முடியாது.

போர்ட்டர் கட்டுரை எழுதி நிறுத்தவில்லை, எண்ணையே மாற்றினார். நூல்களை வகைமையாகவும் ஆசிரியர் வாரியாகவும் மறுபடி அடுக்கினார். 1973-இல் ஓய்வு பெறும்வரை இந்த வேலை நடந்தது. கருப்பின வரலாறு ஒரு துறையாக எழுந்தபோது அதற்கான ஆவணக் கிடங்கு தயாராக இருந்ததற்கு அவர் போன்றவர்களே காரணம். செயல்பாடு என்பது தெருவில் மட்டும் நடப்பதில்லை, பட்டியல் அட்டையிலும் நடக்கும்.

4

நம் பக்கத்திலும் ஒருவர் இருந்தார். சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியார். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். பயிற்சிக்கு லண்டன் போனவர், அங்கே ஒரு கடையில் இரும்புப் பட்டைகளையும் திருகுகளையும் வைத்துப் பல உருவங்கள் செய்யும் விளையாட்டுப் பொருளைப் பார்த்தார். அறிவையும் இப்படிப் பூட்டலாமே என்று தோன்றியது. கோலன் பகுப்பு முறை 1933-இல் வெளிவந்தது. டூயி முன்கூட்டியே கட்டிய அறையில் நூலைத் தள்ளினார். ரங்கநாதனோ நூலைப் பிரித்து அதன் முகங்களைக் கேட்டார்: எதைப் பற்றியது, எந்தப் பொருள், என்ன செயல், எந்த இடம், எந்தக் காலம்? விடைகளைக் குறிகளால் இணைத்தால் எண் கிடைக்கும். தமிழ் இலக்கியம் இங்கே O31. திராவிட மொழிகளுக்கு 3 என்ற முழு எண். கிறித்தவம் Q6, இஸ்லாம் Q7. புள்ளிக்குப் பின்னால் யாரும் பதுங்க வேண்டியதில்லை.

பெரிய பாய்ச்சல்தான், சந்தேகமில்லை. ஆனால் கொண்டாடிவிட்டுப் போக முடியவில்லை. Q1 வேத சமயம், Q2 வேதத்துக்குப் பிந்தைய இந்து சமயம். சமணமும் பௌத்தமும் அதற்கடுத்து. ஆன்மிக அனுபவத்துக்கென்று ஒரு கிரேக்க எழுத்தோடு தனி முதன்மை வகுப்பே உண்டு. மையம் ஆம்ஹர்ஸ்டிலிருந்து இடம் மாறியது, மையம் என்பது ஒழியவில்லை. அப்புறம், இன்னொரு கேள்வி: இம்மண்ணில் உருவான இம்முறையை விட்டுவிட்டு நம் நூலகங்கள் பலவும் ஏன் டூயியிலேயே நின்றன? சிக்கலானது, கடினம் என்பார்கள். கடினம்தான். பல முகங்களைக் கேட்பது எப்போதும் கடினம்.

5

வகைப்பாடே வேண்டாம் என்று சொல்ல நான் தயாரில்லை. குவியலில் யாரும் எதையும் கண்டெடுக்க முடியாது. குவியல் ஏற்கெனவே தெரிந்தவனுக்குத்தான் வசதி. கணினி வந்துவிட்டது, இனி ஒரு நூலுக்கு எத்தனை குறிச்சொல்லும் போடலாம் என்பதும் பாதி உண்மைதான். சொல்லைப் போடுகிறவன் மனசில் இல்லாத சொல் கணினியிலும் இல்லை.

இதை நான் என்னிடமிருந்தே கற்றேன். நூலகத்தில் கோபப்பட்டு வந்தவன், அந்த ஆண்டு ஊரில் தொகுத்த ஒப்பாரிகளின் நோட்டை எடுத்துப் பார்த்தேன். எப்படிப் பிரித்திருந்தேன் தெரியுமா? முதலில் சாதி. அதற்குள் கணவனுக்கு, பிள்ளைக்கு, தாய்க்கு என்று சாவின் வகை. பாடியவள் பெயர் ஒரு பக்கத்திலும் இல்லை. என் அப்பத்தா பாடலுக்கு நேரே 'முதியவள், 70 வயது' என்று என் கையெழுத்திலேயே இருந்தது. 398 எனக்குள்ளேயே இருந்தது. டூயியைத் திட்டிப் பயனில்லை.

திரும்ப ஊருக்குப் போனேன். பாதிப் பேரிடம்தான் பெயர் வாங்க முடிந்தது. மீதிப் பேர் செத்துப்போயிருந்தார்கள். ஒரு பாட்டி, "பாட்டுத்தானே கேட்ட, எம் பேரு எதுக்குய்யா?" என்றாள். கபிலர் பெயர் எதற்கு என்று நாம் கேட்டதில்லை என்பதை அவளுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்.

ஊர்ப்புறத்தில் படிப்பகம் நடத்தும் தோழர்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை ஒரு நாட்டார் பாடல் தொகுப்பு கைக்கு வந்தால், எண் எதுவாக இருந்தாலும் சரி, அட்டையில் ஆசிரியர் என்ற இடத்தில் தொகுத்தவனின் பெயரை எழுதி முடித்துவிடாதீர்கள். பாடியவள் பெயர் உள்ளே எங்காவது இருக்கிறதா என்று தேடி, அதை முதலில் எழுதுங்கள். இல்லையென்றால் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். காலி இடத்தைப் பார்த்தாவது யாராவது ஊருக்குத் திரும்பிப் போவார்கள்.