தங்கத்தின் எட்டாண்டுச் சுழற்சி மாத்தளைக்குப் பொருந்துமா?

உலகச் சந்தையில் தங்கம் ஏறத்தாழ எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை தாழ்நிலையைத் தொடும் என்பது சுழற்சிக் கணிப்பாளர்களின் வாதம். 1976, 1985, 1993, 2001, 2008, 2015 ஆகிய ஆண்டுகளைச் சான்றாகக் காட்டுவர். இடைவெளி ஏழா, ஒன்பதா என்பதை மட்டும் பிறகுதான் சொல்வார்கள்!

2022 இலும் கணிப்பு பலித்தது. ஜனவரியில் சுமார் 1,800 டொலராக இருந்த அவுன்ஸ், நவம்பர் தொடக்கத்தில் 1,620 ஐ ஒட்டி இறங்கியது.

ஆனால் தாலிக்கொடிக்குப் பவுண் வாங்க மாத்தளை நகைக்கடைக்குப் போனவருக்கு மலிவு கிட்டவில்லை. மார்ச்சில் மிதக்கவிடப்பட்ட ரூபா, டொலருக்கு 200 இலிருந்து 360 வரை சரிந்திருந்தது. அதனால் அதே அவுன்ஸ் ரூபாக் கணக்கில் 360,000 இலிருந்து 580,000 ஐத் தாண்டியது. கணிப்பாளரின் வரைபடம் டொலரில். இங்கே பவுணுக்குக் கொடுப்பது ரூபா.