வீட்டு மின்னாக்கி

வீட்டு மின்னாக்கி என்பது, ஒரு குடும்பத்தின் விளக்கு, மின்விசிறி முதலிய தேவைகளுக்கு வேண்டிய மின்சக்தியை வீட்டாரே உண்டாக்கிக்கொள்ளும் பொருட்டு, கடையிலும் பட்டறையிலும் கிடைக்கும் பாகங்களைக் கொண்டு அமைக்கப்படும் சிறு யந்திரமாகும். டைனமோ, ஜெனரேட்டர் என்றும் வழங்கும்.

தத்துவம்

1831இல் மைக்கேல் பாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இதற்கு ஆதாரம். கம்பிச்சுருளின் அருகே காந்தம் சுழலும்போதோ, காந்தப்புலத்தினுள் சுருள் சுழலும்போதோ, அச்சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. யந்திரம் சக்தியை மாற்றித் தருவதேயன்றிப் படைப்பதில்லை. ஆதலின், மோட்டாரும் மின்னாக்கியும் ஒன்றையொன்று ஓயாமல் சுழற்றும் என்று சொல்லப்படும் அமைப்புகள் யாவும் உராய்விலும் வெப்பத்திலும் சக்தியை இழந்து விரைவில் நின்றுவிடும்.

அமைப்பு

மோட்டார் வாகனத்தின் ஆல்டர்னேட்டர் பேட்டரியை மின்னூட்ட உதவுமாயினும், அதற்கு மிகுந்த வேகம் வேண்டும். வீட்டுக்குரிய 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை நேரே பெற விரும்புவோர், பழைய நான்கு துருவ இண்டக்ஷன் மோட்டாரை, அதன் முனைகளில் தக்க கெப்பாசிட்டர்களைப் பிணைத்து, நிமிஷத்துக்கு 1500 சுற்றுக்குச் சற்று மேலாகச் சுழற்றினால், அதன் இரும்பில் எஞ்சியுள்ள காந்தத்தன்மையே வித்தாகி மின்னழுத்தம் படிப்படியாக எழும்பும். மின்பளு திடீரென நீங்கினால் வேகமும் அழுத்தமும் அபாயகரமாக உயருமாதலால், உபரி மின்சாரத்தை ஏற்கும் வெப்பக்கம்பியொன்றை இணைப்பது அவசியம்.

இயக்கும் சக்தி

யந்திரம் செய்வது எளிது. அதைச் சுழற்றும் சக்தியைத் தேடுவதே கடினம். கேரளத்தின் மலைப்பிரதேசங்களில் ஓடைநீரைக் குழாயில் இறக்கிச் சிறு சுழலியை இயக்குகின்றனர். விநாடிக்கு 10 லிட்டர் நீர் 20 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கி, அதன் சக்தியில் பாதி மின்சாரமாக மாறினால், ஏறக்குறைய 1 கிலோவாட் கிடைக்கும். கொச்சியைச் சேர்ந்த மட்டாஞ்சேரியோ காயலோரத்துத் தாழ்ந்த நிலம். அங்கே கடல்நீர் ஏற்றவற்றத்தின் வேறுபாடு ஏறத்தாழ 1 மீட்டரே. அதே அளவு நீர் அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தால் 50 வாட்டும் தேறாது. மிதிகருவியில் ஒருவர் தொடர்ந்து உழைத்தாலும் 75 வாட் அளவே பெறலாம்.

மட்டாஞ்சேரியில்

ஒருகாலத்தில் கொச்சி எலெக்ட்ரிக் கம்பெனி இப்பகுதியின் மின்விநியோகத்தை நடத்தியது. 1940இல் கேரள மலைப்பிரதேசத்திலுள்ள பள்ளிவாசலில் நீர்மின் உற்பத்தி தொடங்கியது. 1957இல் அமைந்த கேரள மின்வாரியமே பின்னர் மாநிலத்தின் முக்கிய மின்விநியோக ஸ்தாபனமாயிற்று. மின்தடைக் காலத்தில் கடைக்காரர்கள் டீசல் ஜெனரேட்டரையோ, இன்வெர்ட்டரையோ நாடுவர். ஆயினும், எண்ணெய்ச் செலவும் இரைச்சலும் புகையும் நெருங்கிய வீடுகளுக்கு ஒவ்வாமையால், இங்கு நித்திய உபயோகத்துக்கு ஏற்றது சுழலும் பாகமே இல்லாத சூரியத் தகடுதான். இதே மாவட்டத்தில், நெடும்பாசேரியிலுள்ள விமான நிலையம் 2015 ஆகஸ்டு 18 முதல் சூரிய சக்தியால் இயங்கிவருவது இதன் சாத்தியத்தைக் காட்டும். எனினும் தென்மேற்குப் பருவமழையில் வெயில் குன்றும். பழைய ஓட்டுக் கூரைகளில் தகட்டைத் தாங்கத் தனிச் சட்டகம் வேண்டும். உப்புக்காற்று இணைப்பு முனைகளை அரிக்குமாதலால் அவற்றை அடிக்கடி பரிசோதிக்க வேண்டும்.

பாதுகாப்பும் சட்டமும்

2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி, சொந்த உபயோகத்துக்கு மின்சாரம் உண்டாக்க உரிமம் தேவையில்லை. ஆனால் பொதுமின்கம்பியுடன் இணைக்க மின்வாரியத்தின் அனுமதி வேண்டும். மாற்று சுவிட்ச் இன்றி வீட்டுக் கம்பியில் மின்னாக்கியைச் சேர்த்தால், மின்சாரம் தெருக்கம்பிக்குப் பின்னோக்கிப் பாய்ந்து, தடை நீக்க வந்த தொழிலாளியின் உயிரைப் போக்கிவிடக்கூடும். எண்ணெய் எஞ்சினை மூடிய அறையில் ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு நிறைந்து, வாசனையின்றியே உயிரைப் பறிக்கும். நின்றுபோன யந்திரத்தின் கெப்பாசிட்டரிலும் மின்னேற்றம் தங்கியிருக்குமாதலால், அதனை வெளியேற்றிய பின்னரே கைவைத்தல் தகும்.