முடிவெடுக்கும் உரிமை: இங்கிலாந்தில் இளைஞர் மன்றச் சிறு நல்கைகளின் வரலாறு (1935–2011)

முன்னுரை

இளைஞர் மன்றங்கள் தம் ஊருக்குச் செய்யும் பணிகளுக்குப் பெரும் பணம் தேவைப்படுவதில்லை. தனித்து வாழும் முதியவரின் தோட்டத்தைச் சீர்செய்யவும், குடியிருப்புச் சிறுவர்களுக்கு விடுமுறை முகாம் நடத்தவும் சில நூறு பவுண்டு போதும். ஆனால் அந்தச் சில நூறு பவுண்டை யார் கேட்கலாம், யார் கொடுக்கலாம், கேட்டவரிடம் இல்லை என்று யார் சொல்லலாம் என்பவை இங்கிலாந்தில் எழுபது ஆண்டுகளில் பலமுறை மாறியிருக்கின்றன. அந்த மாற்றத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. நல்கையை வழங்கும் அதிகாரம் தேசிய அமைப்புகளிடமிருந்து உள்ளாட்சிக்கும், அங்கிருந்து இளைஞர்களுக்கும் படிப்படியாக நகர்ந்தது. எனினும் அது இளைஞர்களிடம் நிலைக்கவில்லை. அவர்களின் திறமைக் குறைவு இதற்குக் காரணமன்று. அவர்களுக்குத் தரப்பட்ட பணத்தின் தன்மையே காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

அமைப்புகளின் வழி வந்த பணம் (1935–1944)

1935இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அரியணை ஏறிய இருபத்தைந்தாம் ஆண்டு நிறைவையொட்டி, இளைஞர் நலனுக்கென மக்களிடம் நிதி திரட்டப்பட்டது. அதிலிருந்து பிறந்த ஜார்ஜ் மன்னர் ஜூபிலி அறக்கட்டளை, சாரணர் இயக்கம், சிறுவர் மன்றங்கள் போன்ற தன்னார்வ அமைப்புகளின் வழியாக நல்கைகளை வழங்கியது. தெருமுனை மன்றத்தில் இருந்த பதினாறு வயதுப் பையனுக்கும் அந்தப் பணத்துக்கும் இடையே பல படிகள் இருந்தன. இளைஞர் பயன் பெறுபவராகக் கருதப்பட்டாரே தவிர, விண்ணப்பிப்பவராகக் கருதப்படவில்லை.

அரசு நேரடியாக இத்துறைக்குள் வந்தது போரின்போதுதான். 1939 நவம்பரில் கல்வி வாரியம் வெளியிட்ட 1486ஆம் எண் சுற்றறிக்கை, உள்ளூர்க் கல்வி ஆணையங்கள் இளைஞர் குழுக்களை அமைக்க வேண்டும் என்றது. தன்னார்வ அமைப்புகளும் உள்ளாட்சியும் கைகோத்துச் செயல்படும் ‘இளைஞர் சேவை’ என்ற துறைக்கு அடித்தளம் இட்டது அந்தச் சுற்றறிக்கையே. தந்தையர் போர்முனையில், தாயர் தொழிற்சாலையில், இரவில் ஊரெங்கும் விளக்கணைப்பு என்ற நிலையில் பிள்ளைகள் வழிதவறிவிடுவார்களோ என்ற அச்சம் இதற்குப் பின்னால் இருந்தது. 1941 டிசம்பரில் 16 முதல் 18 வயது வரையிலானோர் பெயரைப் பதிவு செய்யும் ஆணையும் வந்தது. பழைய காகிதமும் உலோகமும் சேகரிப்பது, காய்கறி பயிரிடுவது போன்ற வேலைகளில் மன்றங்கள் இறங்கின. என்ன சேவை தேவை என்பதைப் போரே தீர்மானித்துவிட்டது. இளைஞர் தீர்மானிக்க அதில் எதுவும் மிச்சமில்லை.

1944 கல்விச் சட்டம் இத்துறைக்குச் சட்ட அடிப்படையைத் தந்தது. ஆயினும் போருக்குப் பிந்தைய சிக்கனக் காலத்தில் பள்ளிக் கட்டடங்களுக்கே பணம் போதாதபோது, இளைஞர் சேவை பின்வரிசைக்குத் தள்ளப்பட்டது.

சேவைக்குப் புதிய பொருள் (1958–1969)

1958இல் ஆல்பமார்ல் சீமாட்டியின் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. பண்பாட்டு ஆய்வாளர் ரிச்சர்ட் ஹாகர்ட் அதில் ஓர் உறுப்பினர். கட்டாய இராணுவச் சேவை முடிவுக்கு வரவிருந்தது. போருக்குப் பின் பிறந்த பெருந்தலைமுறை பதின்பருவத்தை எட்டிக்கொண்டிருந்தது. இந்த இரண்டும் கூடிய நேரத்தில், 1960இல் குழுவின் அறிக்கை வெளியாகி, பத்தாண்டு வளர்ச்சித் திட்டத்தைப் பரிந்துரைத்தது. அதன்படி புதிய மன்றக் கட்டடங்கள் எழுந்தன. முழுநேர இளைஞர் பணியாளர்களுக்கு லெஸ்டரில் பயிற்சிக் கல்லூரி தொடங்கப்பட்டது. பணம் பெருகியது உண்மை. ஆனால் அதில் பெரும்பங்கு செங்கல்லுக்கும் சம்பளத்துக்கும் போனது. இளைஞர் தாமே நினைத்துச் செய்யும் பணிக்கான வழி இன்னும் குறுகலாகவே இருந்தது.

அந்த வழியை அகலப்படுத்தியவர்களில் அலெக் டிக்சன் முதன்மையானவர். 1958இல் கடல்கடந்த தன்னார்வச் சேவைத் திட்டத்தைத் தொடங்கிய அவர், 1962இல் மனைவி மோராவுடன் சேர்ந்து உள்நாட்டுக்கான சமூகச் சேவைத் தன்னார்வலர் அமைப்பை நிறுவினார். உதவி தேவைப்படுபவராகச் சமூகம் பார்க்கும் இளைஞரும் பிறருக்கு உதவக்கூடியவரே என்பது அவருடைய நிலைப்பாடு. அதே பத்தாண்டில் இளைஞர் சேவை வளர்ச்சிக் கழகத்தின் துணைக்குழு ஒன்று பெஸ்ஸி என்பவரின் தலைமையில் இளைஞர்களின் சமூக சேவை குறித்து அறிக்கை அளித்தது. அதன் தொடர்ச்சியாக 1968இல் அரசின் ஆதரவுடன் இளம் தன்னார்வலர் படை அறக்கட்டளை உருவானது. சேவை என்பது இளைஞருக்குச் செய்வது என்ற நிலையிலிருந்து இளைஞர் செய்வது என்ற நிலைக்கு வந்தது. முடிவெடுக்கும் மேசையில் மட்டும் இன்னும் பெரியவர்களே அமர்ந்திருந்தனர்.

நேரடி நல்கை (1976–1999)

1976இல் அப்போதைய இளவரசர் சார்லஸ், கடற்படையிலிருந்து விலகியபோது கிடைத்த 7,400 பவுண்டைக் கொண்டு ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். நாட்டின் பல பகுதிகளில் 21 முன்னோடித் திட்டங்களுடன் அது செயல்படத் தொடங்கியது. கிழக்கு இலண்டனின் ஹாகர்ஸ்டன் குடியிருப்பில் சமூகக் கூடம் நடத்த 19 வயதுப் பெண் ஒருவர் நல்கை பெற்றார். சிறை சென்று மீண்ட இருவர் மீன்பிடி மன்றம் நடத்தப் பணம் பெற்றனர். கார்ன்வாலில் இளம் உயிர்காப்பாளர்களைப் பயிற்றுவிக்க நீச்சல் குளத்தை வாடகைக்கு எடுப்பதற்கும், தாமே மிதிவண்டி பழுதுபார்க்கும் திட்டத்துக்கும் உதவி கிடைத்தது.

இந்தப் பட்டியலில் இரண்டு செய்திகள் தெரிகின்றன. முதலாவது, பதிவுபெற்ற பெரிய அமைப்பு எதுவும் நடுவில் நிற்கத் தேவையில்லாமல் போயிற்று. தனி இளைஞரோ சிறு குழுவோ நேரே கேட்க முடிந்தது. இரண்டாவது, விண்ணப்பதாரரின் கடந்தகாலம் தடையாகவில்லை. தொகை சிறிது என்பதே இதைச் சாத்தியமாக்கியது. பெருந்தொகை என்றால் தணிக்கை, பிணை, அனுபவச் சான்று எல்லாம் வந்து சேரும். சிறு தொகையை நம்பிக்கையின் பேரில் கொடுத்துப் பார்க்கலாம். 1977இல் எலிசபெத் அரசியின் வெள்ளிவிழா நிதியும், இளைஞர் பிறருக்கு உதவுவதற்கு உதவுவதையே தன் நோக்கமாக அறிவித்தது.

1980களில் காற்று திசை மாறியது. 1981இல் பிரிக்ஸ்டனிலும் டாக்ஸ்டெத்திலும் கலவரங்கள் வெடித்தன. இளைஞர் வேலையின்மை பெருகியது. இளவரசர் அறக்கட்டளையின் கவனம் சுயதொழிலுக்கும் வேலைத்தகுதிக்கும் பெயர்ந்தது. சமூகப் பணிக்கான சிறு நல்கை மறையவில்லை என்றாலும், மையத்தில் அது இல்லை.

அது மீண்டும் மையத்துக்கு வர இரண்டு தூண்டுதல்கள் உதவின. ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையை 1991இல் பிரிட்டன் ஏற்றது. தம்மைப் பாதிக்கும் முடிவுகளில் குழந்தைகளின் கருத்துக்கு உரிய மதிப்பளிக்க வேண்டும் என்கிறது அதன் 12ஆம் பிரிவு. 1994இல் தொடங்கிய தேசிய லாட்டரி, சிறு குழுக்களும் எளிய படிவத்தில் கேட்கக்கூடிய புதிய நிதி ஊற்றாயிற்று. இந்தச் சூழலில் ‘யூத்பேங்க்’ முறை பரவியது. பிற இளைஞர்களின் திட்டங்களைப் படித்து, நேர்காணல் நடத்தி, யாருக்கு எவ்வளவு என்று தீர்மானிப்பவர்களும் இளைஞர்களே என்பது அதன் விதி.

அரசே ஏற்ற பங்கேற்பு (2005–2011)

2005இல் அரசு வெளியிட்ட ‘யூத் மேட்டர்ஸ்’ ஆலோசனை அறிக்கை இந்த விதியைக் கொள்கையாக்கியது. 2006இல் இளைஞர் வாய்ப்பு நிதியும் இளைஞர் மூலதன நிதியும் தொடங்கின. முதல் இரண்டு ஆண்டுகளுக்கு இரண்டுக்கும் சேர்த்து 11.5 கோடி பவுண்டு ஒதுக்கப்பட்டது. முதலாவது நடவடிக்கைகளுக்கு, மற்றது இடவசதிக்கும் உபகரணங்களுக்கும். 13 முதல் 19 வயதினர் குழுவாக அமர்ந்து விண்ணப்பங்களைப் பரிசீலித்தனர். உள்ளாட்சி அலுவலர் உதவினார், கணக்குப் பார்த்தார், தேர்வு இளைஞருடையது. 1939 சுற்றறிக்கையின் குழுக்களோடு ஒப்பிட்டால், மேசை அதே உள்ளாட்சி மேசைதான். அதைச் சுற்றி அமர்ந்தவர்கள்தான் மாறியிருந்தனர்.

இந்த ஏற்பாடு ஒரே ஒரு நிபந்தனையைச் சார்ந்து நின்றது: அந்தப் பணத்தை உள்ளாட்சி வேறு செலவுக்குத் திருப்பக்கூடாது. 2010இல் ஆட்சி மாறி, சிக்கன நடவடிக்கை தொடங்கியபோது அந்த நிபந்தனை நீக்கப்பட்டது. 2011இல் இந்த நிதி, முன்கூட்டிய தலையீட்டுக்கான பொது மானியத்தில் கரைந்தது. இளைஞர் குழுக்களைக் கலைக்கச் சொல்லி எந்த ஆணையும் வரவில்லை. தீர்மானிக்க அவற்றின் முன் பணம் இல்லாமல் போனது, அவ்வளவே. 2010–11க்குப் பிந்தைய பத்தாண்டுக்குள் இங்கிலாந்து உள்ளாட்சிகளின் இளைஞர் சேவைச் செலவு ஏறத்தாழ 70 விழுக்காடு சரிந்ததாக ஒய்.எம்.சி.ஏ. கணக்கிட்டது. 2011இல் சோதனை முறையில் தொடங்கிய தேசியக் குடிமக்கள் சேவையில் இளைஞர் குழுக்கள் சமூகத் திட்டங்களை வகுத்தது உண்மையே. எனினும் நிதியைப் பகிரும் அதிகாரம் மீண்டும் தேசிய அமைப்பிடம் சென்றது.

ஓர் ஒப்பீடு: மிச்சிகன்

இதே எண்ணம் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வேறு அடித்தளத்தில் எழுப்பப்பட்டது. 1988இல் கெல்லாக் அறக்கட்டளையின் தலைவராக இருந்த ரஸ்ஸல் மாபி முன்வைத்த திட்டத்தின்படி, உள்ளூர்ச் சமூக அறக்கட்டளைகள் மக்களிடம் நிதி திரட்டினால் கெல்லாக் தன் பங்கைச் சேர்க்கும். அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது: இளைஞர் ஆலோசனைக் குழு அமைத்து, நல்கைகளை அதன் பரிந்துரைப்படி வழங்க வேண்டும். அப்படிச் சேர்ந்த பணம், மூலதனத்தில் கைவைக்காமல் வருவாயிலிருந்து வழங்கும் நிரந்தர நிதியாயிற்று. மாநிலத்தின் 83 மாவட்டங்களுக்கும் இக்குழுக்கள் பரவின. 1998இல் சட்டம் திருத்தப்பட்டு, 16, 17 வயதினரும் இலாப நோக்கற்ற அமைப்புகளின் நிர்வாகக் குழுக்களில் இடம்பெற வழி பிறந்தது. ஆட்சிகள் மாறியும் அக்குழுக்கள் நீடித்ததற்குக் காரணம், அவை ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தின் ஒரு வரியை நம்பி இருக்கவில்லை.

முடிவுரை

இங்கிலாந்து வரலாறு இளைஞர் மீதான நம்பிக்கை மெல்ல வளர்ந்த கதை. 1935இல் பயன்பெறுபவர், 1960களில் சேவை செய்பவர், 1976இல் விண்ணப்பிப்பவர், 2006இல் தீர்மானிப்பவர் என்று அவர்களின் நிலை உயர்ந்தது. ஒவ்வொரு படியிலும் தொகையின் சிறுமை துணை நின்றது. ஆனால் இறுதிப் படி ஏறிய பின், அந்தச் சிறுமையே பலவீனமாயிற்று. நிதிநிலை அறிக்கையில் சிறு தொகையை வெட்டுவது எளிது. வெட்டியதை எதிர்த்துக் குரல் எழுப்புவோரில் பலருக்கு வாக்குரிமையும் இல்லை. முடிவெடுக்கும் உரிமையை மட்டும் கொடுத்து, முடிவெடுக்க வேண்டிய பணத்தை ஆண்டுதோறும் பெரியவர்களின் தயவில் வைத்திருந்தால், அது கடனாகக் கொடுத்த உரிமைதான். மன்றங்களுக்குச் சிறு நல்கைத் திட்டம் வகுப்போர் எவ்வளவு கொடுப்பது என்பதைக் கணக்கிடும்போதே, அந்தப் பணத்தை யாராலும் திருப்ப முடியாத இடத்தில் வைக்கும் வழியையும் கணக்கிட வேண்டும்.