எழுதாத தொனியும் ஒலிக்காத எழுத்தும்: ஜோங்கா, ஷோனா எழுத்துமுறைகள் குறித்து

ஓர் எழுத்துமுறை நல்லதா இல்லையா என்று கேட்டால், எழுத்து ஒலியோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்ப்பதே மொழியியலில் வழக்கமாகிவிட்டது. அப்படிப் பார்த்தால் ஜிம்பாப்வேயின் ஷோனாவுக்கு முதலிடமும், பூட்டானின் ஜோங்காவுக்குக் கடைசி வரிசையும் கிடைக்கும். ரோமன் எழுத்தில் ஷோனா படிக்கக் கற்றவர் புதுச் சொல்லைக் கண்டாலும் திகைப்பதில்லை. ஜோங்காவிலோ, திபெத்திய எழுத்திலிருந்து வந்த பழைய எழுத்துக்கூட்டல் அப்படியே நிற்கிறது. சொல்லுக்குச் சொல் ஒலிக்காத எழுத்துகள். இந்தத் தரவரிசை பிழையானது என்பதே இக்கட்டுரையின் வாதம். தொனியைக் கணக்கில் சேர்த்த உடனேயே அது குலைந்துவிடுகிறது.

இரு மொழிகளுக்கும் இடையே உறவு எதுவும் இல்லை. ஜோங்கா திபெத்திய கிளையைச் சேர்ந்தது. ஷோனா பாண்டு மொழி. ஷோனாவில் பெயரின் வகுப்பொட்டு வாக்கியம் முழுவதும் தொடரும்: ‘வானா வங்கு வவிரி வகாஉயா’ என்றால் ‘என் இரண்டு பிள்ளைகள் வந்தார்கள்’, நான்கு சொல்லிலும் அதே வகரம். ஜோங்காவில் வகுப்பொட்டு கிடையாது. ஆனால் முன்பே அறிந்து பழகிய செய்தியை ‘இங்’ என்றும், இப்போதுதான் தெரிந்துகொண்டதை ‘இம்மே’ என்றும் முடிக்க வேண்டும். இத்தகைய வேறுபாடுகளைப் பட்டியலிட்டுக்கொண்டே போகலாம். பட்டியலுக்கு அப்பால் அது நம்மை எங்கும் கொண்டு சேர்க்காது. இரண்டும் மேல், கீழ் என இரு தொனிகள் கொண்ட மொழிகள் என்பதுதான் ஒப்பிடத் தகுந்த இடம்.

ஜோங்காவில் ‘ங’ என்பதைக் கீழ்த்தொனியில் சொன்னால் ‘நான்’. மேல்தொனியில் சொன்னால் ‘ஐந்து’. எழுதும்போது முதற்சொல்லுக்கு ங மட்டும் போதும். இரண்டாவதில் ஙகரத்தின் தலைமேல் ஒரு லகரம் ஏறுகிறது. அந்த லகரத்தை யாரும் உச்சரிப்பதில்லை. வெண்ணெயைக் குறிக்கும் சொல் வெறும் மகரத்தில் தொடங்கும். சிவப்பைக் குறிக்கும் சொல்லில் அதே மகரத்துக்கு முன் ஒலிக்காத தகரம் ஒன்று நிற்கும், தொனியும் மேலே போய்விடும். பழங்காலத்தில் அந்த மெய்கள் உண்மையாகவே ஒலித்தவை. அவை நாவிலிருந்து மறைந்தபோது, தாம் நின்ற இடத்தில் உயர்ந்த தொனியை விட்டுச் சென்றன. ஆகவே மெல்லினத்தின் முன் நிற்கும் ஊமை எழுத்தே இன்று ஜோங்காவின் தொனிக்குறி. மொழியியலாளர் ஜார்ஜ் வான் ட்ரீம் வகுத்து 1991-இல் வெளிவந்த அதிகாரபூர்வ ரோமன் முறை இதற்கு நல்ல சான்று. ஒலிப்படியே எழுத முனைந்த அவர், மேல்தொனியைக் காட்ட மேற்கோற்குறி ஒன்றைப் புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது. பழைய கூட்டல் அந்த வேலையை ஏற்கெனவே செய்துகொண்டிருந்தது.

ஷோனாவின் கதை வேறு. அதன் வழக்குகளை ஆராய 1929-இல் மொழியியலாளர் க்ளெமென்ட் டோக் அழைக்கப்பட்டார். வட்டார வழக்குகளை ஒருங்கிணைப்பது பற்றிய அவரது அறிக்கை 1931-இல் வந்தது. கரங்கா, ஜெஜுரு வழக்குகளின் அடிப்படையில் இலக்கணம். அவற்றோடு மன்யிகா, ந்டாவ் சொற்களும் சேர்ந்த அகராதி. அனைவருக்கும் ஒரே எழுத்துமுறை. உள்வெடிப்பொலிகளுக்கும், ஷோனாவின் சீழ்க்கை உரசொலிகளுக்கும் அவர் தனி எழுத்துகள் தந்தார். 1955-இல் அவை நீக்கப்பட்டன. 1967-இன் திருத்தம், எச் எழுத்தைக் கூட்டி, தொலைந்த வேறுபாடுகள் சிலவற்றை மீட்டது. இத்தனை திருத்தங்களுக்கிடையிலும் நடைமுறை எழுத்தில் தொனிக்கு மட்டும் இடம் கிடைக்கவில்லை.

இழப்பு சிறியதன்று. ‘முன்ஹு அகாஉயா’ என்று எழுதியிருந்தால் ‘மனிதன் வந்தான்’ என்றும் கொள்ளலாம், ‘வந்த மனிதன்’ என்றும் கொள்ளலாம். நாம் ஈற்றால் பிரிக்கும் வினைமுற்றையும் பெயரெச்சத்தையும் ஷோனா தொனியால் பிரிக்கிறது. எழுத்தோ இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. சூழல் காட்டிக்கொடுக்கும் என்பார்கள். தாய்மொழியாளருக்குக் காட்டும், அவரும் வாக்கியத்தைக் கடைசிவரை படித்தாக வேண்டும். இயேசு சபைப் பாதிரியார் மைக்கேல் ஹன்னன் 1959-இல் வெளியிட்ட அகராதி, சொல்தோறும் தொனியைக் குறித்தது. தொனி வெறும் அலங்காரமென்றால் அந்த உழைப்புக்கு அவசியமே இருந்திருக்காது.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று எழுகிறது; அதை நான் மதிக்கிறேன். கரங்காவின் தொனியமைப்பும் ஜெஜுருவின் தொனியமைப்பும் ஒன்றல்ல. தொனியை எழுதியிருந்தால் யாருடைய தொனியை எழுதுவது என்ற கேள்வி முதல் நாளே வந்திருக்கும். நோக்கம் எதுவாக இருந்தாலும், எழுதாமல் விட்டதால்தான் இரு சாராரும் ஒரே பக்கத்தை அவரவர் குரலில் படிக்க முடிந்தது. ஜோங்காவும் அதே பயனை எதிர்வழியில் பெறுகிறது: தேவைக்கு மிஞ்சி எழுதிவைத்ததை ஒவ்வொரு பள்ளத்தாக்கும் தன் உச்சரிப்புக்கேற்ப வாசித்துக்கொள்கிறது. ஆனால் எழுதாமை எல்லாவற்றையும் கட்டிவைக்கவில்லை. டோக்கின் திட்டத்தில் பங்கு பெற்ற ந்டாவும், அதற்கு வெளியே நின்ற கலங்காவும் ஜிம்பாப்வேயின் 2013 அரசியலமைப்பு ஏற்கும் 16 மொழிகளில் ஷோனாவிலிருந்து தனித்தே நிற்கின்றன. ஜோங்காவின் மிகுதிக்கும் விலை உண்டு. அதைக் கொடுப்பவர்கள் மேற்குப் பூட்டான் பிள்ளைகள் மட்டுமல்லர். கிழக்கே வீட்டில் ட்ஷாங்லா பேசி, பள்ளியில் பெரும்பாலான பாடங்களை ஆங்கிலத்தில் படித்து, ஜோங்காவை ஒரு பாடமாக மட்டும் சந்திக்கும் பிள்ளைகளும்தான். அவர்கள் சுமையைக் குறைக்க வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது.

குறைப்பது எங்கே என்பதில்தான் கவனம் வேண்டும். குரலிலா வல்லொலிகளின் முன் நிற்கும் ஊமை எழுத்துகள் ஒலிப்பை மாற்றுவதில்லை. வெறும் ககரமும் தலைமேல் ரகரம் சுமந்த ககரமும் வாசிப்பில் ஒன்றே. சீர்திருத்தம் அங்கிருந்து தொடங்கலாம். மெல்லினத்தின் முன் நிற்பவற்றில் கைவைத்தால் ‘நான்’ என்பதும் ‘ஐந்து’ என்பதும் ஏட்டில் ஒன்றாகிவிடும். ஷோனாவுக்கோ தொனி முழுவதையும் எழுதத் தேவையில்லை. தொடக்கப் பாடநூல்களில் பெயரெச்ச வினையின் முன்னொட்டுக்கு மட்டும் ஒரு குறி இட்டால் போதும்; அது ஏதேனும் ஒரு வட்டாரத்தின் தொனியைக் காட்டும் குறியாக இல்லாமல், இது எச்சம் என்று சொல்லும் இலக்கணக் குறியாக இருந்தால், கரங்காவும் ஜெஜுருவும் இப்போதுபோலவே அவரவர் குரலில் அதைப் படிக்கலாம்.