மகப்பேறும் எலும்பு நலமும்: காஷ்மீர் அந்தப்புரம் முதல் படப்பைத் தொழிற்கூடம் வரை

கருவுற்ற பெண்களின் எலும்பு நலிவைக் கால்சியக் குறைவாக மட்டுமே கருதும் வழக்கம் இன்று வேரூன்றியுள்ளது. இந்திய மருத்துவ வரலாறு அதற்கு வேறொரு காரணத்தையும் பதிவு செய்துள்ளது. காஷ்மீரில் பணியாற்றிய மருத்துவர் கேத்லீன் வாகன், அங்கு மகப்பேற்றில் கண்ட எலும்பு மென்மை நோயைப் பற்றி 1926இல் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதினார். 1928இல் நூலாகவும் விரித்தார். இடுப்பெலும்பு உருக்குலைந்து பேறு தடைப்பட்ட பெண்கள், பெரும்பாலும் பர்தா முறையால் வீட்டினுள் அடைபட்டவர்கள். வெயிலில் உழைத்த படகுக்காரப் பெண்களை அந்நோய் அவ்வாறு தாக்கவில்லை. செல்வமன்று, வெளிச்சமே அவர்களைப் பிரித்தது. வெயிலால் தோலில் உருவாகும் வைட்டமின் டி குறைந்தால், உண்ட கால்சியத்தைக் குடல் போதிய அளவு உறிஞ்சாது.

இந்நோயும் எலும்புப்புரையும் ஒன்றல்ல. மகப்பேற்றை ஒட்டித் தோன்றும் எலும்புப்புரை அரிது. அதனை 1955இல்தான் நார்டினும் ரோப்பரும் விவரித்தனர்.

தென்னகத்தில் ஆய்வாளர் கவனம் உணவின்மேல் சென்றது. குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வகத்தில் மெக்கரிசனுக்குப் பின் பொறுப்பேற்ற அய்க்ராய்டு, 1937இல் இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை வெளியிட்டார். அம்மரபில் வந்த பிற்கால அட்டவணை, 100 கிராம் கேழ்வரகில் 344 மில்லிகிராம் கால்சியமும் தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராமும் காட்டுகிறது. கூழை ஏழையின் உணவென இகழ்ந்தோர் இவ்வெண்களை நோக்கலாம்.

தாம்பரத்திலிருந்து ஒரகடம் செல்லும் சாலையிலுள்ள படப்பையைச் சூழ்ந்து இன்று தொழிற்சாலைகள் பெருகியுள்ளன. வயலில் வெயிலில் நின்றோரின் பேத்தியர் பலர் இன்று கூரையின்கீழ் ஷிப்டு முறையில் உழைக்கின்றனர். பெண்களின் இரவுப்பணியைத் தடுத்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் விதியைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000இல் செல்லாதென்றது. சமத்துவ நோக்கில் அத்தீர்ப்பு சரியே. ஆனால் இரவில் உழைத்துப் பகலில் உறங்குபவருக்கு வெயில் அரிதாகிறது.

2017ஆம் ஆண்டுத் திருத்தம் மகப்பேறு விடுப்பை 26 வாரமாக உயர்த்தினும், பேற்றுக்கு முன் 8 வாரமே எடுக்கலாம். சிசுவின் எலும்பில் சேரும் ஏறத்தாழ 30 கிராம் கால்சியத்தின் பெரும்பகுதி தாயிடமிருந்து செல்வது கடைசி மூன்று மாதங்களில். அவற்றின் முதல் வாரங்கள் பணிக்காலத்திலேயே கழிகின்றன. 14ஆம் வாரம் முதல் நாள்தோறும் இரு கால்சிய மாத்திரைகளை வைட்டமின் டி சேர்த்து வழங்குமாறு 2014ஆம் ஆண்டு தேசிய வழிகாட்டுதல் கூறுகிறது. இப்பகுதியில் கள ஆய்வு மேற்கொள்வோர், மாத்திரை உண்டீர்களா என்பதற்கு முன் எந்த ஷிப்டில் பணி என்று கேட்பது பொருந்தும்.