காப்புரிமை வேட்டையும் இந்திய மென்பொருளும்: 1959 முதல் இன்று வரை ஒரு வரலாற்று ஆய்வு

முன்னுரை

தான் எதையும் தயாரிக்காமல், காப்புரிமைப் பத்திரத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, தயாரிப்பவர்களிடம் பணம் கேட்பதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் உண்டு. அவற்றை இக்கட்டுரை ‘காப்புரிமை வேட்டையர்’ என்று குறிக்கிறது. அமெரிக்காவில் மென்பொருள் துறையைப் பல ஆண்டுகள் அலைக்கழித்த இந்த வேட்டை இந்தியாவில் அந்த அளவுக்கு வேர்விடவில்லை. அதற்கான காரணங்களை நம் காப்புரிமைச் சட்டத்தின் வரலாற்றில் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வேட்டையரின் பலம் காப்புரிமை செல்லுபடியாவதில் இல்லை. செல்லுமா செல்லாதா என்ற தீர்ப்பு வரும்வரை கழியும் காலத்தில்தான் இருக்கிறது. அந்தக் காலத்தில் யார் கை ஓங்கியிருக்கிறது என்பதே கேள்வி. இக்கட்டுரை இந்தியச் சட்டத்தின் ஒவ்வொரு திருப்பத்தையும் இந்தக் கேள்வியைக் கொண்டே அளக்கிறது.

1. அமெரிக்க அனுபவம்

பிளாக்பெர்ரி கைபேசியைத் தயாரித்த ரிசர்ச் இன் மோஷன் நிறுவனத்தின் மீது என்டிபி என்ற நிறுவனம் 2001-இல் வழக்குத் தொடுத்தது. என்டிபியிடம் காப்புரிமைகள் இருந்தன. விற்பதற்குப் பொருள் எதுவும் இல்லை. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் அந்தக் காப்புரிமைகளை மறுபரிசீலனைக்கு எடுத்து, அவை செல்லாது என்ற நிலைப்பாட்டை எடுத்தது. மறுபரிசீலனை முடியும்வரை காத்திருக்க நீதிமன்றம் மறுத்தது. சேவையே நின்றுபோகும் என்ற அச்சத்தில், 2006 மார்ச்சில் 61.25 கோடி டாலர் கொடுத்து ரிசர்ச் இன் மோஷன் சமரசம் செய்துகொண்டது.

பெரிய நிறுவனத்தின் கதி இது. சிறியவர்களின் நிலையை 2011-இல் லாட்சிஸ் என்ற நிறுவனம் அனுப்பிய கடிதங்கள் காட்டுகின்றன. ஐபோன் செயலிகளை எழுதும் தனிநபர்களுக்கும் இரண்டு மூன்று பேர் கொண்ட குழுக்களுக்கும் அந்தக் கடிதங்கள் போயின. செயலிக்குள்ளிருந்தே பொருள் வாங்கும் வசதி தன் காப்புரிமைக்குள் அடங்கும் என்றும், அமெரிக்க வருவாயில் 0.575 விழுக்காடு தரவேண்டும் என்றும் அது கேட்டது. தொகை சிறியதுதான்; வழக்காட ஆகும் செலவோ அதைவிடப் பல மடங்கு. பணத்தைக் கட்டிவிடுவதே மலிவு என்று தோன்றும்படியாகவே கேட்கும் தொகை வைக்கப்படுகிறது.

வேட்டைக்கு மென்பொருள் ஏன் எளிதில் இரையாகிறது? ஒரு மருந்தில் மூலக்கூறு ஒன்று. அதன் எல்லை தெளிவு. ஒரு செயலியிலோ சிறுசிறு செயல்முறைகள் நூற்றுக்கணக்கில் அடங்கியுள்ளன. அவற்றைக் குறிக்கும் காப்புரிமைக் கோரிக்கைகள் பெரும்பாலும் பொதுப்படையான சொற்களில் எழுதப்படுகின்றன. எந்த வரி யாருடைய கோரிக்கைக்குள் விழும் என்று நிரல் எழுதுபவரால் முன்கூட்டி அறிய முடியாது. வேட்டையர் வழக்குகளால் 2011-இல் மட்டும் அமெரிக்க நிறுவனங்களுக்கு ஏற்பட்ட நேரடிச் செலவு சுமார் 2,900 கோடி டாலர் என்று ஜேம்ஸ் பெசன், மைக்கேல் மியூரர் ஆகிய ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். அவர்களின் கணக்கு முறை பற்றி விவாதம் உண்டு. சுமை பெரிது என்பதில் ஐயமில்லை.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் வேட்டையரின் வழியை அடுத்தடுத்துக் குறுக்கியது. காப்புரிமை மீறல் நிரூபணமானாலே தடையாணை தானாகக் கிடைத்துவிடாது என்று 2006-இல் ஈபே வழக்கில் கூறியது. பழைய கருத்தைக் கணினியில் ஏற்றியதாலேயே அது கண்டுபிடிப்பாகிவிடாது என்று 2014-இல் ஆலிஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. வேட்டையர் தமக்குச் சாதகமான டெக்சஸ் நீதிமன்றங்களைத் தேடிப்போவதை 2017-இல் டிசி ஹார்ட்லேண்ட் தீர்ப்பு மட்டுப்படுத்தியது.

2. ராஜகோபால அய்யங்கார் போட்ட அடித்தளம்

பயன்படுத்தாத காப்புரிமை என்ற கேள்வியை இந்தியா மென்பொருளுக்கு முன்பே சந்தித்தது. நீதியரசர் என். ராஜகோபால அய்யங்கார் 1959-இல் அளித்த அறிக்கை, இந்தியாவில் வழங்கப்பட்ட காப்புரிமைகளில் பெரும்பாலானவை வெளிநாட்டவரிடம் இருப்பதையும், அவற்றில் மிகச் சிலவே இங்கே உற்பத்திக்குப் பயன்பட்டதையும் எடுத்துக்காட்டியது. நாட்டுக்குள் உற்பத்தி செய்யாமல், பிறரையும் செய்யவிடாமல் தடுக்கும் காப்புரிமையால் மக்களுக்கு என்ன நன்மை என்பதே அதன் அடிப்படைக் கேள்வி.

அந்தச் சிந்தனை காப்புரிமைச் சட்டம் 1970-இல் இடம்பெற்றது. பயன்படுத்தப்படாத காப்புரிமைக்குக் கட்டாய உரிமம் வழங்க வழி வந்தது. காப்புரிமை நடைமுறையில் பயன்படுகிறதா என்று தெரிவிக்கும் கடமை உரிமையாளருக்கு வந்தது; பின்னாளில் 27-ஆம் எண் படிவம் அதற்கென வந்தது. தவறான காப்புரிமையை ரத்து செய்யக் கோரும் வழியும் வகுக்கப்பட்டது. மென்பொருள் வேட்டை என்ற ஒன்று உலகில் தோன்றுவதற்கு முன்பே, பத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு காத்திருப்பவரை நம் சட்டம் கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டது.

3. திருவனந்தபுரத்துக் குரலும் 2005-ஆம் ஆண்டும்

2002-ஆம் ஆண்டுத் திருத்தம் சட்டத்தில் 3(கே) பிரிவைச் சேர்த்தது. கணித முறைகள், வணிக முறைகள், கணினி நிரல் என்ற அளவிலான நிரல்கள், படிமுறைகள் ஆகியவை கண்டுபிடிப்பு ஆகமாட்டா என்று அது சொன்னது. 2004 டிசம்பரில் பிறப்பிக்கப்பட்ட அவசரச் சட்டம் இதைத் தளர்த்த முயன்றது. தொழில்துறையில் நிரலின் தொழில்நுட்பப் பயன்பாட்டுக்கும், வன்பொருளோடு சேர்ந்த நிரலுக்கும் காப்புரிமை தரலாம் என்று அது எழுதியது.

எதிர்ப்பு எழுந்தது. அதில் கேரளத்தின் பங்கு தனித்துச் சொல்லத்தக்கது. ரிச்சர்ட் ஸ்டால்மன் முன்னிலையில் 2001 ஜூலையில் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்ட இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, மென்பொருள் காப்புரிமையைத் தொடர்ந்து எதிர்த்துவந்தது. அன்றைய மத்திய அரசு இடதுசாரிகளின் வெளி ஆதரவில் நின்றது. கேரளத்தின் 20 மக்களவைத் தொகுதிகளில் 18-ஐ இடது ஜனநாயக முன்னணி வென்றிருந்தது. 2005 மார்ச்சில் நாடாளுமன்றம் சட்டத்தை நிறைவேற்றியபோது மென்பொருள் தளர்வு கைவிடப்பட்டது; 2002-ஆம் ஆண்டு வாசகமே நிலைத்தது. அதே ஆண்டு ஜூலை 6-ஆம் நாள், மென்பொருள் காப்புரிமை வரைவை ஐரோப்பிய நாடாளுமன்றம் 648-க்கு 14 என்ற வாக்கில் நிராகரித்தது.

இந்த முடிவின் பயன் கேரள-தமிழக எல்லைப்புற ஊர்கள் வரை எட்டுகிறது. பூவார், பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதி அரசுப் பள்ளிகளின் கணினிகளில் கட்டற்ற மென்பொருள்தான் ஓடுகிறது. கேரளக் கல்வித்துறை அதைக் கொள்கையாகவே ஏற்றது. பாறசாலையில் ரயிலேறிக் கழக்கூட்டத்தில் இறங்கி, 1990-இல் தொடங்கிய டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் இளைஞர் சொந்தமாக ஒரு செயலி எழுத நினைத்தால், காப்புரிமை வழக்கறிஞரைத் தேடி ஓடாமல் தொடங்கலாம். 3(கே) பிரிவு அவருக்குத் தரும் பாதுகாப்பு அது.

4. மதுரைக் காப்புரிமையும் சுங்கத்துறையும்

சட்டம் ஒரு பக்கம் அடைத்த கதவு இன்னொரு பக்கம் திறந்திருந்தது. மதுரையைச் சேர்ந்த ராம்குமார், ஒன்றுக்கு மேற்பட்ட சிம் அட்டைகளைக் கொண்ட கைபேசிக்கு 2002-இல் விண்ணப்பித்து, 2008-இல் 214388 என்ற எண்ணில் காப்புரிமை பெற்றார். இரட்டை சிம் கைபேசிகள் இந்தியச் சந்தையில் பரவிய காலம் அது. இறக்குமதிப் பொருள்கள் தொடர்பான 2007-ஆம் ஆண்டு விதிகளின்படி அவர் தம் உரிமையைச் சுங்கத்துறையிடம் முன்வைத்தார். கைபேசிச் சரக்குகள் சுங்கத்தில் தடுத்து நிறுத்தப்பட்டன.

ராம்குமாரை வேட்டையர் என்று சொல்வது முறையன்று. பிறர் காப்புரிமையை விலைக்கு வாங்கியவரல்லர், தம் பெயரில் விண்ணப்பித்தவர். ஆனால் அவ்வழக்கு அமைப்பின் ஓட்டையைக் காட்டியது. காப்புரிமையின் தகுதியை எந்த நீதிபதியும் ஆராயுமுன்பே சரக்கு நின்றுவிடுகிறது. மாதாமாதம் புது மாடல் வரும் தொழிலில் சில வார முடக்கமே இறக்குமதியாளரைப் பணிய வைக்கும். ஸ்பைஸ், சாம்சங் நிறுவனங்கள் ரத்து கோரிச் சென்னையிலிருந்த அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியத்தை நாடின. நீதியரசர் பிரபா ஸ்ரீதேவன் தலைமையிலான வாரியம் 2012 ஜூனில் காப்புரிமையை ரத்து செய்தது. காப்புரிமை வழங்கப்பட்டு அதற்குள் நான்கு ஆண்டுகள் ஓடியிருந்தன.

அதே 2012-இல், காப்புரிமை மீறலைத் தீர்மானிக்கும் வேலை சுங்க அதிகாரிக்கு உரியதன்று என்று டெல்லி உயர் நீதிமன்றம் எல்ஜி நிறுவனத்தின் வழக்கில் தெளிவுபடுத்தியது. 2018-இல் மத்திய அரசு சுங்க விதிகளிலிருந்து காப்புரிமையையே நீக்கியது. அந்தக் கதவு அடைபட்டது.

வேட்டையின் சரியான உருவம் இன்னொரு வழக்கில் வந்தது. நோக்கியாவிடமிருந்து 500-க்கும் மேற்பட்ட காப்புரிமைகளையும் விண்ணப்பங்களையும் 2012-இல் 2.2 கோடி டாலருக்கு வாங்கிய விரிங்கோ, 2013-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் சீன நிறுவனமான இசட்டிஇ மீது வழக்குத் தொடுத்தது. எதிர்த்தரப்பைக் கேட்காமலே இடைக்காலத் தடை கிடைத்தது. பின்னர் அது தளர்த்தப்பட்டு, பிணைத்தொகை கட்டுமாறு இசட்டிஇ-க்குச் சொல்லப்பட்டது. பல நாடுகளில் நடந்த இந்த மோதல் 2015 டிசம்பரில் 2.15 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. இங்கும் விலைபேசும் கருவியாக இருந்தது இறுதித் தீர்ப்பன்று, இடைக்காலத் தடையே.

5. தளரும் வேலி

கடந்த பத்தாண்டுகளின் போக்கு கவலை தருகிறது. 2015 ஆகஸ்டில் வந்த மென்பொருள் சார்ந்த ஆய்வு வழிகாட்டுதல்கள் மிகத் தாராளமாக இருந்ததால் எதிர்ப்பு எழுந்து, அவ்வாண்டு டிசம்பரில் நிறுத்தப்பட்டன. 2016 பிப்ரவரியில் வந்தவை, புதிய வன்பொருள் இருந்தால்தான் காப்புரிமை என்றன. 2017-இல் அந்த நிபந்தனையும் நீக்கப்பட்டது. தொழில்நுட்ப விளைவு இருந்தால் நிரல் சார்ந்த கண்டுபிடிப்புக்கும் காப்புரிமை உண்டு என்ற திசையில் 2019-இல் பெரிட் அல்லானி வழக்கின் தீர்ப்பு சென்றது. உண்மையான தொழில்நுட்பத்தைக் காப்பதில் தவறில்லை. ஆனால் ‘தொழில்நுட்ப விளைவு’ என்ற சொல்லின் எல்லை தெளிவாக வரையப்படாதவரை, அந்த மங்கலே வேட்டையருக்கு மூலதனம் ஆகும்.

27-ஆம் எண் படிவத்தைப் பலர் ஒழுங்காக நிரப்புவதில்லை என்று கேரளத்தில் பிறந்த சட்ட அறிஞர் ஷம்நாத் பஷீர் டெல்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்து வெளிச்சமிட்டார். அவர் 2019-இல் மறைந்தார். 2020-இல் அந்தப் படிவம் எளிதாக்கப்பட்டது. 2024 விதிகள் அதை மூன்று நிதியாண்டுகளுக்கு ஒருமுறை தாக்கல் செய்தால் போதும் என்றன. காப்புரிமை வழங்குவதற்கு முன் எவரும் ஆட்சேபிக்கும் உரிமைக்குக் கட்டணமும் முன்பரிசீலனையும் அதே விதிகளில் வந்தன. மேல்முறையீட்டு வாரியம் 2021-இல் கலைக்கப்பட்டு, அதன் வழக்குகள் உயர் நீதிமன்றங்களுக்குப் போயின. சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் அறிவுசார் சொத்துக்கெனத் தனிப் பிரிவு அமைத்தது நம்பிக்கை தரும் செய்தி.

முடிவுரை

இந்தியாவில் மென்பொருள் வேட்டை பெருகாமலிருப்பது தற்செயலன்று. 1959-இல் எழுந்த கேள்வி, 2005-இல் நாடாளுமன்றம் எடுத்த முடிவு, 2012-இல் வாரியமும் நீதிமன்றமும் தந்த தீர்ப்புகள், 2018-இல் சுங்க விதியில் வந்த திருத்தம் எனப் பல அடுக்குகளில் அந்தப் பாதுகாப்பு எழுந்தது. இவை ஒவ்வொன்றும், சோதிக்கப்படாத காப்புரிமை பிறர் தொழிலை முடக்கும் காலத்தைச் சுருக்கியவை.

எனவே மூன்று செயல்கள் தேவை. 3(கே) பிரிவை வழிகாட்டுதல்கள் மூலம் நீர்த்துப்போகச் செய்யக்கூடாது. தான் பயன்படுத்தாத காப்புரிமையைக் கொண்டு வழக்காடுபவருக்கு, எதிர்த்தரப்பைக் கேட்காமல் இடைக்காலத் தடை வழங்கக்கூடாது. முன் ஆட்சேபம் எழுப்பும் உரிமை சாதாரண மக்களுக்குக் கட்டணமின்றித் திரும்பக் கிடைக்கவேண்டும். மென்பொருள் எழுதும் இளைஞர்களும் பல்கலைக்கழகத் துறைகளும் புதிய விண்ணப்பங்களைத் தொடர்ந்து படித்து, பழையதைப் புதியதாகக் காட்டும் கோரிக்கைகளை ஆட்சேபிக்க முன்வரவேண்டும். சட்டம் அந்த உரிமையை இன்னும் எல்லோருக்கும் வைத்திருக்கிறது. அதைப் பயன்படுத்துவது நம் கடமை.